சண்டை பேட்டரிகளுக்குள் இல்லை

வேனில் கட்டிலும் ஃப்ரிட்ஜும் பொருத்தி ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்யும் லெட் ஆசிட் பேட்டரியையும் ஃப்ரிட்ஜுக்கென வாங்கிய லித்தியம் பேட்டரியையும் ஒரே ஆல்டர்னேட்டரில் சேர்த்து சார்ஜ் போடாதே, ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்பது. எச்சரிக்கை தேவைதான். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் பெரும்பாலும் நிற்கவில்லை.

இரண்டுக்கும் வேண்டிய வோல்டேஜ் வேறு என்பது முதல் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லெட் ஆசிட்டில் 6 செல். சார்ஜ் ஏறும்போது செல்லுக்கு 2.4 வீதம் 14.4 வோல்ட். வேன்களில் வைக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 4 செல், செல்லுக்கு 3.6 வீதம் அதே 14.4. வழக்கமான ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் ஏறக்குறைய இதைத்தான். லேப்டாப் செல்களைக் கோத்துக் கட்டிய பேட்டரி என்றால் கதை வேறு. அந்த செல் 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். மூன்று கோத்தால் 12.6. அதைக் கொண்டுபோய் 14.4-இல் மாட்டினால் தீப்பிடிக்கலாம். அந்த வகைக்குத் தடை முழுக்கச் சரி.

லித்தியம் தன் சார்ஜையெல்லாம் பக்கத்து பேட்டரிக்குள் கொட்டிவிடும் என்பது அடுத்தது. எஞ்சின் நின்றபின் லித்தியம் 13.3 வோல்ட் அளவிலும் லெட் ஆசிட் 12.7-இலும் நிற்கும்; ஆகவே கரண்ட் பாயத்தான் செய்யும். ஆனால் லெட் ஆசிட்டை நிரம்பிய நிலையில் காத்துவைக்கக் கொடுக்கும் வோல்டேஜே 13.5-க்கு மேல். நல்ல பேட்டரி 13.3-இல் கொஞ்சமாகத்தான் இழுக்கும். ஒரு செல் ஷார்ட் ஆன கிழட்டு பேட்டரி என்றால் வயர் சுடும் அளவுக்கு இழுக்கும். ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் ஃபியூஸ் வைப்பது அதற்காகத்தான்.

லித்தியம் கரண்டை அள்ளிக்கொள்ள லெட் ஆசிட் பட்டினி கிடக்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. லித்தியம் நிரம்பும்வரை வோல்டேஜ் 14.4-க்கு ஏறாது. ஆனால் ஸ்டார்ட் செய்ய என்ன செலவாகிறது? 200 ஆம்பியர் வீதம் 3 விநாடி, அதாவது ஒரு ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கு. அதைத் திரும்ப நிரப்ப விருந்து வேண்டியதில்லை.

உண்மையில் அடிவாங்குவது ஆல்டர்னேட்டர், அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. லெட் ஆசிட் நிரம்ப நிரம்ப வாங்குவதைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். காலியான லித்தியம் அப்படியல்ல, கொடுப்பதையெல்லாம் கிட்டத்தட்ட கடைசிவரை அதே வேகத்தில் வாங்கும். கார் ஆல்டர்னேட்டரோ முழுச் சுமையை மணிக்கணக்கில் தாங்கச் செய்யப்பட்டதல்ல. டிராஃபிக்கில் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அதன் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். காயிலும் டையோடும் வெந்துபோகும். நடுவில் 20 அல்லது 30 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி-டிசி சார்ஜர் வைப்பதே இதற்கு வழி. பேட்டரி வாங்கும்போதே அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, எச்சரிக்கையையே தலைகீழாக்குவது. லித்தியத்துக்குள் இருந்து அதைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் ஏதோ காரணத்தால் திடீரெனத் துண்டித்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் அதே கணத்தில் அடங்காது. வோல்டேஜ் எகிறும், டையோடும் வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் போகலாம். அந்த எகிறலை விழுங்குவது லைனில் இருக்கும் லெட் ஆசிட். இரண்டும் சேர்ந்திருப்பதே அங்கே பாதுகாப்பு.

நிஜமாக ஏமாற்றுவது, வோல்டேஜைப் பார்த்து இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துப் பிரிக்கும் பழைய வோல்டேஜ் ரிலே. 13.3 வோல்ட்டில் சேர்த்து 12.8-க்குக் கீழே பிரிக்கும்படி அதைச் செய்திருப்பார்கள், இரண்டு பக்கமும் லெட் ஆசிட் என்ற எண்ணத்தில். எஞ்சின் நின்றாலும் லித்தியம் வோல்டேஜைத் தாங்கிப் பிடிப்பதால் ரிலே லேசில் பிரியாது. ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடும்போதும் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே கிடக்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் சேரும்படி இக்னிஷன் லைனில் கொடுத்த ரிலேக்கு இந்தத் தொல்லை கிடையாது.