உறையில் இல்லாத பெயர்

ஸ்டூடியோவில் கூலிக்கு வாசிப்பவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ரெக்கேன் த ஸ்துதியோ' என்பார்கள். ஸ்டூடியோ சுறா என்று பொருள். வருகிற வேலையையெல்லாம் விழுங்கிவிடுவார்களாம்! பாதி மெச்சல், பாதி ஏளனம். நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சில்தான்; அந்த மொழிமேல் பிரியமும் உண்டு. ஆனால் இந்தச் சொல் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. காரணம், டாமி டெடெஸ்கோ.

1930இல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் ஊரில் பிறந்தவர். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து கிதாரை வைத்தே குடும்பம் நடத்தினார். மூன்று மணி நேரம் ஒரு 'செஷன்'. அதற்கு இவ்வளவு என்று சங்கம் நிர்ணயித்த கூலி. ராக் பாட்டு, சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் என்று எது வந்தாலும், எதிரே வைத்த இசைத்தாளை அந்தக் கணமே படித்து வாசிப்பார். 'போனான்சா' தொடரின் தொடக்க இசையில் கேட்கும் கிதார் அவருடையதே. மாண்டலின், பாஞ்சோ என்று எதைக் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போவார். ரகசியம் எளிது: எல்லாவற்றையும் கிதார்போலவே சுருதி கூட்டிக்கொள்வார்! மனசு மட்டும் ஜாஸில். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தன் பெயரில் ஜாஸ் தட்டுகள் கொண்டுவந்தார்.

ஒரு வேலையை ஒப்புக்கொள்ள அவர் நான்கு காரணங்கள் சொல்வார்: பணம், பழக்கம், அனுபவம், சந்தோஷம். இதில் ஒன்று இருந்தால் போதும். 'கிதார் பிளேயர்' பத்திரிகையில் எழுதிய பத்தியில், எந்த வேலைக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். உழைத்து வாங்கிய கூலியைச் சொல்ல என்ன வெட்கம்?

அந்தக் காலத்து ராக் இசைத்தட்டுகளின் உறையில் பெரும்பாலும் குழுவின் படம் இருக்கும். உள்ளே வாசித்தவர் பெயர் இருக்காது. யார் வாசித்தார் என்று இன்று தெரிகிறதென்றால், அதற்குச் சங்கத்தின் கூலிப் பதிவுத்தாள்களே முக்கியக் காரணம்.

குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இது புரியும். குறிப்பு எழுதுவது நாம். உத்தரவு வெளியாவது அதிகாரி கையெழுத்தில். ஆனாலும் கோப்பின் ஓரத்தில் நம் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கும். பின்னாளில் யாராவது புரட்டினால், இதை எழுதியவன் இவன் என்று தெரியும். கோப்பில் அது போதும். பாட்டு அப்படியல்ல. அது ஊரெல்லாம் கேட்க விற்கப்படுவது. வாசித்தவன் பெயரும் அதோடு போக வேண்டும்.

அவர் 1997இல் காலமானார். அவரையும் அவர் தோழர்களையும் பற்றி மகன் டென்னி 'தி ரெக்கிங் க்ரூ' என்ற ஆவணப்படம் எடுத்தார். 2008இலேயே விழாக்களில் காட்டிய படம், திரையரங்குக்கு வந்தது 2015இல். அதில் வரும் பாடல்களுக்கு உரிமைத் தொகை கட்டி முடிக்க அத்தனை வருஷம். அப்பா வாசித்த பாட்டை அப்பாவைப் பற்றிய படத்தில் சேர்க்க, மகன் ஊரெல்லாம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. பாட்டின் உரிமையாளர் யாரென்று கணக்காக எழுதி வைக்கத் தெரிந்த தொழிலுக்கு, வாசித்தவர் பெயரை உறையில் போட இரண்டு வரி இடம் இல்லாமல் போனது நியாயமா?

பிறர் பாட்டுக்குத் தன் கையைக் கொடுப்பது குறைந்த வேலை அல்ல. கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்துவிடவில்லை. பெயரையும் கொடுக்க வேண்டும். கையில் பழைய தட்டு இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் பெயர்கள் இருந்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.