காய்ச்சல் விட்ட மறுநாள்

மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் ஒரு சொல்லும் கூடவே வந்துவிடுகிறது: 'மர்மக் காய்ச்சல்'. சேரியில் நாலு குழந்தைகள் சுருண்டு படுத்தால் மர்மக் காய்ச்சல். அரசு மருத்துவமனையில் ஒரு சாவு விழுந்தால் மர்மக் காய்ச்சல். இதில் என்ன மர்மம்? டெங்கு வைரசின் நான்கு வகைகளும் வேலூரில் 1960களிலேயே கண்டறியப்பட்டுவிட்டன. அறுபது வருசத்துக்கு முன் முகம் தெரிந்த நோய்க்கு இன்னும் மர்மம் என்று பெயர் சூட்டுவது, கணக்குக் காட்டாமல் தப்பிக்கிற வழி.

அரசே ஒப்புக்கொண்ட கணக்குப்படி தமிழ்நாட்டில் 2012இல் 66 பேரும், 2017இல் 65 பேரும் டெங்குவால் இறந்தார்கள். 'மர்மம்' என்று எழுதி மூடப்பட்ட சாவுகள் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே தோழர்களே, நோயை நாமே தெரிந்துகொள்வோம்.

டெங்கு வைரசில் 1, 2, 3, 4 என நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகை மறுபடி தாக்காது. மற்ற மூன்றிலிருந்து சில மாதப் பாதுகாப்புத்தான். பிறகு வேறொரு வகை தொற்றும்போது, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் அதை ஒழிக்கும் அளவுக்குப் பொருந்துவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு, அது ரத்த அணுக்களுக்குள் நுழைய வழிவிட்டுவிடுகின்றன. அதனால்தான் இரண்டாம் முறை வரும் டெங்குவில் ஆபத்து கூடுதல். "எனக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிருச்சு, இனிமே வராது" என்று சொல்கிறவர்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்.

இந்த நான்கு வகைச் சிக்கல் தடுப்பூசியையும் விடவில்லை. பிலிப்பைன்சில் 2016 முதல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இதைப் போட்டால், பின்னால் வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது.

நோயின் கடுமையிலும் வகைகள் உண்டு. சாதாரண டெங்கு, ரத்தக்கசிவு டெங்கு, அதிர்ச்சிநிலை டெங்கு என்பது பழைய பிரிவு. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இதை மாற்றி, எச்சரிக்கை அறிகுறி இல்லாதது, எச்சரிக்கை அறிகுறி உள்ளது, கடுமையானது என்று பிரித்தது. ரத்தம் கசியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நோய் முற்றும்போது ரத்தக்குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேர்கிறது. ரத்தம் கெட்டியாகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே ஆள் போய்விடலாம்.

எப்போது இது நடக்கிறது? பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்.

உடம்பு சுடவில்லை என்றதும் நம் வீடுகளில் என்ன பேச்சு? "காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு வேலைக்குப் போயிரலாம்." மூணு நாள் கூலி போன வீட்டில் வேறென்ன பேச்சு வரும்? மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஒப்பந்தத் துப்புரவுக்கும் போகிறவருக்கு நாலாம் நாள் மேஸ்திரியின் அழைப்புத்தான் இருக்கிறது. படுத்து, நீர் குடித்து, கண்காணிப்பில் இருக்க வேண்டிய அதே நாளில் அவர் வெயிலில் நிற்கிறார். வைரசும் கூலிமுறையும் கைகோக்கும் இடம் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியவை: விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல், சோர்ந்து மயங்குதல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல் — ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறைய குடிக்க வேண்டும்.

பிளேட்லெட் குறைந்ததென்று பயமுறுத்திக் கடன் வாங்க வைப்பதும் நடக்கிறது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கைக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவது பெரும்பாலும் தேவையில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்து, அளவாக நீரேற்றுவதே உயிர் காக்கும் சிகிச்சை. இந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை.

இனி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. டிரம், குடம், தொட்டியின் உட்சுவரில் ஒட்டும் முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, துணியால் மூடினால்தான் ஒழியும். இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் நாம் ஏன் டிரம்மில் தண்ணீர் பிடிக்கிறோம்? குழாயில் தினமும் தண்ணி வர்றவன் எதுக்குய்யா டிரம் வாங்குறான்? 2017இல் கொசுப்புழு இருந்த வீடுகளுக்கு அபராதம் போட்டார்கள். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்பும் இருக்கிறது, குடிநீர் வழங்கலும் இருக்கிறது. முதலாவது நம் வாசலுக்கு ரசீதோடு வருகிறது. இரண்டாவது ஊரோடு நின்றுவிடுகிறது. புழு தேடி வீடு வீடாக வரும் களப்பணியாளரும் நம்மைப் போலத் தற்காலிகக் கூலிதான். சண்டை அவரோடு இல்லை.

சேரிக்குள்ளேயே காய்ச்சல் முகாம் வேண்டும். நிலவேம்புக் கசாயம் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு போவது முகாம் ஆகாது. ரத்தச் சோதனை நடக்க வேண்டும். தினமும் குழாய்த் தண்ணீர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலியோடு நோய்விடுப்பு வேண்டும். டெங்குச் சாவை டெங்கு என்றே எழுத வேண்டும்.

மாணவத் தோழர்கள் ஒவ்வொரு காலனியிலும் காய்ச்சல் கண்டவர் பட்டியலை இன்றே தொடங்கலாம். யாருக்கு எத்தனையாம் நாள் என்று குறியுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.