வாக்கில்லாத தீவுக்கு வழுக்குச் சாலை

பசிபிக்கிலுள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான குவாம் தீவில் பதினாறு இடங்களில் ஏவுகணைத் தடுப்புக் கருவிகளை நிறுவத் திட்டம் தீட்டியிருக்கிறது பென்டகன். ஜப்பானின் ஒகினாவாவிலிருந்து சுமார் 5,000 மரைன் வீரர்களை அங்கே குடியேற்றும் வேலையும் 2024 டிசம்பரில் தொடங்கிவிட்டது. தீவின் வானத்தின் மீது இவ்வளவு அக்கறை கொண்டவர்கள் அதன் சாலைகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

குவாமின் பரப்பு ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். அதில் கால் பங்குக்கு மேல் ராணுவத்தின் கையில். வடக்கே ஆண்டர்சன் விமானப்படைத் தளம், தெற்கே அப்ரா துறைமுகத்தில் கடற்படைத் தளம். இடையே முதன்மை வழி மரைன் கார்ப்ஸ் டிரைவ் என்ற முதலாம் எண் சாலை. ராணுவ லாரியும் பள்ளிப் பேருந்தும் அதில்தான் போகின்றன. உள்ளூர்ப் பவளச் சுண்ணாம்புக்கல்லே தீவின் சாலைகளுக்கு ஜல்லி. தேயத் தேய வழவழப்பாகும், மழை பெய்தால் சறுக்கும். ஆண்டில் பாதி மழைக்காலமான ஊர் அது.

ஹவாயைப் பாருங்கள். ஓவாஹு தீவில் பேர்ல் ஹார்பரையும் கனியோஹே மரைன் தளத்தையும் இணைக்க எச்-3 நெடுஞ்சாலை போட்டார்கள். நீளம் சுமார் 16 மைல். செலவு 130 கோடி டாலர். அதாவது, மைலுக்கு எட்டுக் கோடி டாலர்! மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் மேல் தூண்கள் எழுப்பி 1997இல் திறந்தார்கள். நீதிமன்றம் குறுக்கே நின்றபோது, 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமே அந்தச் சாலைக்கு விதிவிலக்கு அளித்தது. தொன்மையான தலங்கள் அழிகின்றன என்று ஹவாய்ப் பூர்வகுடிகள் போராடியது நியாயமே. ஆனால், வாஷிங்டன் மனம் வைத்தால் ஒரு தீவுச் சாலைக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே மரைன் படை, அதே பசிபிக். வேறுபாடு ஒன்றுதான். 1959இல் மாநிலமான ஹவாய்க்கு இரண்டு செனட்டர்கள் உண்டு. குவாம் மக்கள் 1950 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை, செனட்டர் இல்லை. கீழவையில் இருக்கும் ஒரே பிரதிநிதிக்கும் சட்டத்தை நிறைவேற்றும் இறுதி வாக்கெடுப்பில் இடமில்லை.

குவாமின் சாலைகள் இப்படிக் கிடக்க உள்ளூர் நிர்வாகத்தின் மெத்தனமே காரணம் என்பார்கள் சிலர். வெறும் சாக்கு அது. ஒன்றரை லட்சம் பேர் கட்டும் எரிபொருள் வரியில், ஒரு வல்லரசின் படை நகர்வுக்கான சாலையைப் பராமரிக்க முடியுமா? ராணுவப் போக்குவரத்து கூடும் சாலைகளுக்குப் பாதுகாப்பு நிதியைச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது; சில சாலைகளும் பாலங்களும் அப்படிச் சீரானதும் உண்மை. படை போகும் வழிக்கு மட்டும் பணம். இனலஹான், மலெஸ்ஸோ போன்ற தென்கோடிக் கிராமங்கள் காத்துக் கிடக்க வேண்டும். இது உதவியல்ல, அவமதிப்பு.

இரண்டு செனட்டர்கள் இருந்திருந்தால் இந்தச் சாலைகள் என்றோ மாறியிருக்கும். குவாமுக்கு முழு வாக்குரிமை கிடைக்கும்வரை, தீவில் ராணுவத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் ஒரு பங்கை மக்களின் சாலைகளுக்கு ஒதுக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை அங்கே ஒரு புதிய தளத்துக்கும் அனுமதி தரக் கூடாது.