வட்டியில் பிடித்த வரியைத் திருப்பிக் கேளுங்கள்

பென்ஷன் எடுத்த ஒரு சேர் போன கிழமை வங்கிக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். பணிக்கொடைக் காசு நிலையான வைப்பில் கிடக்கிறது. வருட வட்டி 80,000 ரூபாய். அதில் 8,000 வரியாகப் போயிருக்கிறது. "அரசாங்கம் எடுத்தா எடுத்ததுதானே மகன்" என்றார்.

இல்லை சேர். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆனது உண்மை. ஆனால் அன்றிலிருந்தே வருடத்துக்கு 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அரச ஓய்வூதியம் அந்தக் கணக்கிலேயே சேராது. வேறு வருமானம் இல்லாத அவர் கட்ட வேண்டியது பூச்சியம். வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் இனிப் பிடிக்கமாட்டார்கள். பிடித்ததை, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விபரத்திரட்டு அனுப்பித் திருப்பிக் கேட்கலாம். இதற்கெல்லாம் டின் இலக்கம் வேண்டும்.

(வட்டி கூடுமா கூடாதா என்று இங்கே தொடங்காதீர்கள், அது வேறு பேச்சு.)

வரி கட்டத் தேவையில்லாதவரிடம் முதலில் எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் வந்து கேள் என்பது என்ன முறை? பெரிய வியாபாரிக்குக் கணக்காளர் இருக்கிறார். மருந்துச் செலவுக்கு இந்தக் காசைப் பார்த்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு யார் இருக்கிறார்? வைப்புத் தொடங்கும்போதே அந்தப் படிவத்தையும் நீட்டினால் வங்கிக்கு என்ன குறைந்துவிடும்?

வீட்டில் போன் நோண்டும் பிள்ளைகளே, வாப்பாவுக்கு டின் இலக்கத்தை இணையத்தில் எடுத்துக்கொடுங்கள். முடியாதவர்கள் அடையாள அட்டையோடு சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வாருங்கள்.