கிணறு உவர்க்கிறது, கழுவெளி யாருக்கு?

“மரக்காணம் வட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். நெல்லும் மணிலாவும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். நாலைந்து வருஷமாகக் கோடையில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. இந்த நேரத்தில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயம் என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போய்க் கழிமுகத்தைக் காட்டுகிறார்கள். பறவைக்குத் தண்ணீர் நிறுத்தினால் விவசாயிக்கு என்ன லாபம்? போர்வெல்லை இன்னும் நூறு அடி இறக்கலாமா? உப்பு ஏறிய நிலத்துக்கு ஜிப்சம் போட்டால் சரியாகுமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மரக்காணம் வட்டம்.

போர்வெல்லை இறக்க வேண்டாம். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஜிப்சம் விஷயம் பின்னால் வருகிறது. பறவைக்கும் போர்வெல்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருப்பது நியாயமான கேள்வி. வேனில் போய்வந்த பிள்ளைகளுக்குக்கூட அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில் விரிந்து கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு கழுவெளி. வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் ஓடை ஓடையாக வந்து இதில் சேர்கிறது. பிறகு உப்பங்கழி ஓடை வழியாக வடகிழக்கே போய், மரக்காணத்தை ஒட்டிய எடையன்திட்டு கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நல்ல தண்ணீர் ஏரி. கோடையில் பெரும்பகுதி வற்றிச் சேறாகிவிடும். நடுவே ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் ஓடை வழியே உள்ளே வரும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், இரண்டும் கலந்த சப்புத் தண்ணீர் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் மீன் குஞ்சும் இறாலும் இங்கே வளர்கின்றன. அவற்றைத் தேடிக் கூழைக்கடாவும் பூநாரையும் வருகின்றன. 2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது.

இனி போர்வெல்லுக்கு வருவோம். மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு. கடலோர மண்ணுக்கு அடியில், கீழே கடல் தண்ணீர் இருக்க, அதன் மேல் மழைத் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது, மோரின் மேல் வெண்ணெய் மிதப்பதுபோல. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை உப்புத் தண்ணீரை அது அழுத்தி வைத்திருக்கும். அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு இறைத்துத் தீர்த்துவிட்டால், காலப்போக்கில் உப்பு நாற்பது அடி மேலே ஏறும். மேலே போனது ஓர் அடிதான், கீழே வந்த நஷ்டம் நாற்பது.

ஆகவே கடலோரத்தில் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பது பல இடங்களில் தலைகீழான பேச்சு. ஆழமாகப் போகப் போக உப்பை நெருங்குகிறோம். களிமண் அடுக்குக்குக் கீழே மணற்பாறையில் தனியாக நல்ல தண்ணீர் இருக்கும் இடங்களும் வானூர் பக்கம் உண்டு. ஆனால் மேலே உப்புத் தண்ணீர் இருக்க, கேசிங் சரியாக இறக்காமல் அந்தக் களிமண்ணைத் துளைத்தால், மேலே உள்ள உப்பு அந்தத் துளை வழியாகவே கீழே இறங்கிக் கெடுத்துவிடும். வண்டிக்காரருக்கு அடிக் கணக்கில் கூலி. அவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

கழுவெளியில் நாலைந்து மாதம் மழைத் தண்ணீர் நின்றால், அதில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி, சொன்ன அந்த ஓர் அடியை நிரப்பிக்கொடுக்கிறது. மேட்டில் இருக்கும் ஊர் ஏரிகளும் அதே வேலையைச் செய்கின்றன. வெள்ளத்துக்கும் அதுவே மடி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழைக்கு வெள்ளம் போய்ப் படுக்க இடம் வேண்டும். அந்த இடத்துக்குள் வரப்பு போட்டு, கரை கட்டி, குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்பதற்கு இடம் குறையும், கீழே இறங்குவதும் குறையும். பறவைக்காக நிறுத்துவதாகச் சொல்லப்படும் தண்ணீர் உண்மையில் கிணற்றுக்காகவும் நிற்கிறது.

இறால் பண்ணை விஷயத்தில் கடலோர விவசாயிகள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்தார்கள். கடல் தண்ணீரை நிலத்தின் மேல் குட்டை கட்டித் தேக்கியபோது பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உவர்த்துப்போயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறையில் இல்லாத பண்ணைகளை இடிக்கச் சொன்ன தீர்ப்பு அது. பிறகு 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவு, அனுமதி என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்று அனுமதி இல்லாத பண்ணை பக்கத்தில் இருந்தால் புகார் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவதை வாசகர் கொஞ்சம் கேலியாக எழுதியிருக்கிறார். அவ்வளவு கேலி தேவையில்லை. ஆரோவில்லில் உள்ள பிச்சாண்டிக்குளம் வன அமைப்பு, நடுக்குப்பம் அரசுப் பள்ளியோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் கல்வி நடத்திவருகிறது. உள்ளூர் மரம், மூலிகை, கழுவெளி என்று தங்கள் ஊரையே பாடமாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் பறவையின் பெயரைப் பிள்ளை படிப்பதோடு கல்வி நின்றுவிட்டால், மோட்டார் சுவிட்சைப் போடும் அப்பாவுக்கு அது போய்ச் சேராது.

பெரியவர்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு வேலை கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தில் நடந்தது. அங்கே அலையாத்திக் காடு பெரிய அளவில் அழிந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மாடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதும்தான் காரணம் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் போய்ப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை நடந்திருக்கிறது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து, ஓதத் தண்ணீர் தேங்கி, வற்றி வற்றி உப்பு ஏறிவிட்டது. அதில் விதை முளைக்கவில்லை. மாட்டின் மேல் பழி போட்டது தப்பு. பிறகு வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது, கன்று பிடித்தது. 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஊர்க்காரரைக் குற்றவாளியாக்காமல், உப்பு எங்கிருந்து வந்தது என்று அவரோடு சேர்ந்து பார்த்ததால் அந்த வேலை நின்றது.

கழுவெளியைச் சுற்றியும் அப்படிப் பார்க்க வேண்டியது உப்பைத்தான். அதற்குப் பெரிய செலவில்லை. ஊரில் பத்துக் கிணறு, போர்வெல்லைத் தேர்ந்தெடுத்து வருஷத்துக்கு இருமுறை, தை மாதம் ஒருமுறையும் சித்திரை கடைசியில் ஒருமுறையும் தண்ணீர் எடுக்க வேண்டும். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு முறை கழுவி, ஒரு லிட்டர் பிடித்து மூடி, சர்வே எண், ஆழம், தேதி எழுதி ஒட்ட வேண்டும். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்துறையின் ஆய்வுக்கூடத்திலோ கொடுத்தால் சிறு கட்டணத்தில் பார்த்துச் சொல்வார்கள். சீட்டில் ‘மின் கடத்தும் திறன்’ என்று ஓர் எண் இருக்கும். 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 0.7 முதல் 3 வரை பயிரையும் பாசன முறையையும் பார்த்துச் செய்ய வேண்டும். 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. பள்ளியில் ஒரு கையடக்க மீட்டர் இருந்தால் பிள்ளைகளே ஊர்க் கிணறுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கலாம். மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமையும் என்று 2023-24 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அங்கே பூநாரைப் படத்துக்குப் பக்கத்தில் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளின் உப்புக் கணக்கையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால், விவசாயியும் உள்ளே போய்ப் பார்ப்பார்.

ஜிப்சம் கேள்விக்கு வருவோம். உவர் வேறு, களர் வேறு. மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, மண் பரிசோதனையில் மின் கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்தால் அது உவர். அதற்கு ஜிப்சம் மருந்தல்ல, ஜிப்சமும் ஓர் உப்புதான். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியாக வெளியேற்றுவதே வழி. கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் போய், மண் ஈரத்தில் வழுக்கி, காய்ந்தால் கல்லாக இறுகினால் அது களர். அதற்குத்தான் ஜிப்சம், அதுவும் பரிசோதனை சொல்லும் அளவுக்கு. கடலோரத்தில் இரண்டும் சேர்ந்தும் வரும். சீட்டு கையில் இல்லாமல் மூட்டை வாங்குவது வீண் செலவு.

மணிலாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மண்ணின் உப்பு அளவு 3 வரை நெல்லும் மணிலாவும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் நெல்லில் சுமார் 12 சதவீதம் விளைச்சல் குறையும். மணிலாவில் சுமார் 29 சதவீதம் குறையும். அதனால் கோடைத் தண்ணீரை நம்பி மணிலா போடாமல், மழையை நம்பிப் போடுவது நல்லது. மழைக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழலாம். நெல்லில் கோ 43, திருச்சி 3, பழைய ரகங்களில் களர்பாலை, குழியடிச்சான் ஓரளவு தாங்கும். ரொம்பக் கெட்ட மூலைக்குச் சவுக்கு போதும். ஊர் ஏரியில் வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. ஏரி ஆழமாகும், மேட்டு நிலத்துக்கு எருவும் ஆகும். ஏரி வண்டலிலும் உப்பு இருக்கலாம், கடலுக்குப் பக்கத்து ஏரியாக இருந்தால் ஒரு கைப்பிடி பரிசோதித்த பிறகு அள்ளவும்.

கழுவெளி ஓரத்தில் நெல்லில் மருந்து தடவிப் பறவை பிடிப்பதை ஊர் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்த விஷம் கலந்த தண்ணீரைத்தான் ஆடும் மாடும் குடிக்கின்றன.

கடிதத்தில் நேரடியாகக் கேட்காவிட்டாலும், ‘நம் நிலம் எல்லைக்குள் போய்விடுமோ’ என்ற பயம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. சரணாலயம் என்று சொன்னதாலேயே பட்டா செல்லாமல் போகாது. எல்லைக்குள் உரிமை கோருபவர்களை மாவட்ட ஆட்சியர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ராம்சர் பட்டியலும் விவசாயத்தைத் தடை செய்வதல்ல. பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் தீராவிட்டால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்துமூலமாக மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கிணற்றுத் தண்ணீர்ச் சீட்டின் நகலையும் அந்த மனுவோடு வைக்கலாம்.