40 டிகிரி தொடாத நாளிலும் வெயில் உயிரைப் பறிப்பது ஏன்?

2024 அக்டோபர் 6. சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் 5 பேர் உயிரிழந்தார்கள். வெயில்தான் காரணம் என்றார் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். ஆனால் அன்று வெப்பநிலை 40 டிகிரி பக்கம்கூடப் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடந்த அரசு விருது விழாவிலும் இதே கதைதான். அங்கே 14 பேர்.

அப்படியென்றால், உங்கள் போன் காட்டும் அந்த டிகிரியை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறினால்தான் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டி நிற்கும். சூடு ஏறுகிறது என்று தெரிந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது, வியர்க்க வைக்கிறது. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்றும் அதே அளவு சுட்டால், மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும்.

ஆவியானால்தான், கவனிங்க. கடலோரப் புழுக்கத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை சட்டையை நனைத்துவிட்டுச் சொட்டும், அவ்வளவுதான். உடம்பில் தண்ணீரும் குறையும், சூடும் குறையாது. இதயம் மட்டும் ஓவர்டைம் பார்க்கும்.

இதை அளக்க, பல்பில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் இருக்கிறது. அதில் 35 டிகிரிதான் மனித உடலின் எல்லை என்று நினைத்திருந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே அது சுமார் 31தான் என்று தெரிந்தது. வயதானவர்களுக்கு இன்னும் குறைவு.

ஆனால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'வெப்ப அலை' வரையறை இன்னும் சாதா தெர்மாமீட்டரை நம்பித்தான் இருக்கிறது: சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் 37. புழுக்கத்துக்குத் தனி எச்சரிக்கை உண்டு, ஆனால் இந்த வரையறைக்குள் அது இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் 35 டிகிரி புழுக்கத்தில் கட்டட வேலை செய்து சரிந்து விழுபவர் எந்தக் கணக்கில் வருவார்?

வெளியே கிளம்பும் முன் ஆப்பில் 'ஃபீல்ஸ் லைக்' எண்ணையும் பாருங்க. வெயிலில் நின்றவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் உளறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.