காற்றுக்குக் கொடுத்த பெட்ரோல்

பால் கணக்கு எழுதுகிறோம். மளிகைக் கணக்கு எழுதுகிறோம். இஸ்திரிக்குப் போட்ட துணியைக்கூட எண்ணிக் குறித்து வைக்கிறோம். பெட்ரோல் கணக்கை மட்டும் ஏன் சகோதரிகளே, நாம் ஆண்களிடம் விட்டுவிட்டோம்? "அது மோட்டார் விஷயம், உனக்குப் புரியாது" என்று அவர்கள் சொன்னதாலா? நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு நல்ல பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டப் பார்த்த பிறகுதான் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். என் கணவரின் தமையனார் ஒரு பெட்ரோல் வானை வாங்கி, அதை வீடாகவே மாற்றிவிட்டார். மடக்குக் கட்டில் இரண்டு, சின்ன அலமாரி, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரை மேல் சாமான் கூண்டு. (வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அதையெல்லாம் முறைப்படி வாங்கித்தான் செய்தார்.) சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் கேரவனா என்று எங்கள் அத்தைக்கு ஒரே பெருமை. கேரளத்தில் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டமே கொண்டு வந்தார்கள் அல்லவா? அதைப் படித்ததிலிருந்து மூத்தவருக்கு இந்த ஆசை.

ஆனி மாதம் குற்றாலத்தில் ஸீஸன் களை கட்டியது. தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டோம். திருநெல்வேலி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி என்று நேரான பாதை. அருவிக்கரை வரை எங்கள் மீட்டரில் 112 கிலோமீட்டர். புறப்படும்போது டாங்க் நிறையப் போட்டிருந்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பினால் 11 லிட்டருக்கு மேல் பிடித்தது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்! விளம்பரத்தில் அச்சிட்டிருந்ததில் பாதி. மூன்று நாள் ஆனந்தமாய்க் குளித்துவிட்டுத் திரும்பினோம். அதே வண்டி, அதே ஆட்கள், அதே சாலை. ஊர் வந்து நிரப்பியபோது எட்டே லிட்டர்தான்.

மூத்தவர் முகம் கறுத்துவிட்டது. "போகும்போது மூன்று லிட்டர் எங்கே போச்சு? வழியில் டீ குடிக்க நிறுத்தினானே, அங்கேதான் கேனில் இறக்கியிருக்கிறான்" என்றார். டிரைவர் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும். "அடுத்த தடவை நீ வரவேண்டாம்" என்று சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "அக்கா, வண்டி காத்தைத் தள்ளிக்கிட்டுல்லா போச்சு! நான் என்ன செய்ய?"

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

நீங்களும் ஸீஸனில் அந்தச் சாலையில் போயிருப்பீர்கள். ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றனவே, பார்த்திருக்கிறீர்களா? ராட்சதக் கைகளை விரித்து அவை சுற்றுகிற அழகைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்போம். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று யோசித்தோமா? மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு அப்பால், ஆரியங்காவுக் கணவாயில் தாழ்ந்து வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலத்தில் நம் முகத்தில் பன்னீர் தெளிக்கிற சாரலைக் கொண்டு வருவது அந்தக் காற்று. காற்றாலையைச் சுற்றுவதும் அதுவே. தூத்துக்குடியிலிருந்து மேற்கே போகிற வண்டியை வழிநெடுக நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதும் அதுவே!

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இருவருமாகக் கணக்குப் போட்டோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பது அவள் பாடத்தில் இருக்கிறது. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; எதிர்க்காற்று 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முகத்துக்கு அது 110 கிலோமீட்டர் காற்று. காற்றில்லாத நாளைவிட எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை கொடுக்கிறது. 80-ல் 30 போக 50 தான். போனபோது இருந்த எதிர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காகப் பெட்ரோலும் ஐந்தில் ஒன்றாகிவிடாது. டயர் தரையில் உருளவும், எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் ஒரு பங்கு எப்போதும் வேண்டும். ஆனாலும் மூன்று லிட்டர் வித்தியாசம் வர இது போதாதா?

"அதெல்லாம் இல்லை, தென்காசி மேடு, ஏற்றத்துக்குத்தான் பெட்ரோல் பிடித்திருக்கும்" என்றார் என் கணவர், அண்ணாவுக்கும் தம்பிக்கும் நடுவில் சமாதானமாக. அதையும் போட்டுப் பார்த்தோம். தென்காசி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க, எஞ்சினில் வீணாவதையும் சேர்த்து, கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பெட்ரோல் போதும். மேட்டின் மேல் போட்ட பழியும் நிற்கவில்லை.

பிறகு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போனேன். வானின் முகம் ஐந்தடி அகலம், ஐந்தரை அடி உயரம். கூரைமேல் கூண்டில் ஜமுக்காளமும் மெத்தையும் கட்டியது நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். பார்த்தீர்களா? வண்டி முகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நாமே புதிதாகச் சுவர் எழுப்பி, அதைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு போயிருக்கிறோம். உள்ளே கட்டிலுக்கடியில் இடம் காலியாகக் கிடந்தது!

தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கம். எண்பது லிட்டர் என்றால் எண்பது கிலோ, ஒரு பெரிய ஆளின் கனம். தூத்துக்குடித் தண்ணீரைக் குற்றாலத்துக்குச் சுமந்துகொண்டு போன குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். குடிக்க மட்டும் இரண்டு கேன் எடுத்துக்கொண்டால் போதாதா?

அடுத்த வாரமே மறு பிரயாணம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "பரீட்சைதானே, நடக்கட்டும்" என்று அத்தை என் பக்கம் சேர்ந்துகொண்டார். காலை நாலரைக்குப் புறப்பட்டோம். வெயில் ஏற ஏறத்தான் காற்றும் வலுக்கும். ஓட்டியது மூத்தவரேதான். வேகம் 55-ஐத் தாண்டக்கூடாது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் என்ற மத்திய அரசு நிறுவனமும் 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள் என்றுதான் சொல்கிறது. அதே 30 கிலோமீட்டர் காற்றடித்தாலும், 80-ல் போவதைவிட 55-ல் எதிர்ப்பு ஐந்தில் மூன்று பங்காகிவிடும். கூண்டில் ஒன்றுமில்லை. தொட்டி காலி. டயர்கள் சூடேறுமுன் காற்றுப் பார்த்து, கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் உள்ளபடி அடித்திருந்தோம். முக்கால் மணி நேரம் கூடப் பிடித்தது. அதனால் என்ன, விடிகிற நேரத்தில் மலையைப் பார்க்கக் கொடுத்துவைத்தது.

தென்காசியில் நிரப்பினோம். ஒன்பது லிட்டர்.

மூத்தவர் ரசீதை இரண்டு முறை பார்த்தார். வாய் திறக்கவில்லை. லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டு நிற்கிற காலத்தில் இரண்டு லிட்டர் மிச்சம் என்பதற்காக அவர் மௌனமாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

இது நம் ஊர் வண்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் பஸ் அளவுக்குப் பெட்ரோல் கேரவன்கள் ஓடுகின்றன. லிட்டருக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, மறு வருஷமே அங்கே நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம் என்று சட்டம் போட்டார்கள். நமக்கும் பஞ்சம் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். கம்பெனி கரிவாயுக் கலம் செய்து கொடுத்தது. பஸ்கள் அடுப்புக்கரிப் புகையில் ஓடின. எங்கள் பாட்டி அதில் போயிருக்கிறாள். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டுமாம்.

இனி, சிக்கனம் என்று நினைத்து நம்மவர்கள் செய்கிற இரண்டு காரியங்கள். இவற்றை உங்கள் வீட்டு ஆண்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

குற்றாலம் போகிறவர்கள் பாலருவியையும் பார்க்க ஆசைப்பட்டுப் புளியரை மலைப்பாதை ஏறுவார்கள். திரும்ப இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டுவிடுவார்கள். சுத்தத் தப்பு! இப்போதைய வண்டிகளில் கியரிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். அதோடு முழுக் கனமும் பிரேக்கின் தலையில். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, சூடேறி, அது பிடிக்காமல் போனால்? கனத்த கேரவனில் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, யோசியுங்கள்.

மற்றொன்று இராத்திரிக் காரியம். ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது. நின்ற இடத்திலேயே மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று கரையும். பணம் போனால் போகட்டும், உயிர்? 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு தரை ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். எஞ்சின் புகையிலும் அதே விஷம்தான். அதனால் படுக்கும்போது எஞ்சினும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். மூடிய வண்டிக்குள் அடுப்பும் வேண்டாம். ஸீஸன் இராத்திரியில் குற்றாலத்தில் ஏ.சி. எதற்கு? ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து கொசுவலையைக் கட்டினால், பகலில் பெட்ரோலைப் பிடுங்கின காற்று இராத்திரி கடனைத் திருப்பித் தருகிறது. எங்கள் அத்தை போர்வை கேட்டார்!

நோட்டு எழுதும் விதம் சுலபம். டாங்க் நிரம்பப் போடும்போது மீட்டரைக் குறியுங்கள். அடுத்த தடவை நிரம்பப் போடும்போது பிடித்த லிட்டரால், ஓடின கிலோமீட்டரை வகுங்கள். பக்கத்தில் நாலு வார்த்தை: எந்தத் திசை, எத்தனை மணி, காற்று எப்படி, கூரைமேல் சாமான் உண்டா. விளம்பரத்தில் போடுகிற கணக்கு சோதனை அறையில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. அங்கே செங்கோட்டைக் காற்று அடிக்காது. பெட்ரோலில் இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள்; அதில் லிட்டருக்கு லிட்டர் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் பழைய வண்டியின் நினைப்பில் இன்றைய டிரைவரைக் கேள்வி கேட்காதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் மூத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். கையில் என் நோட்டு இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "வருகிற சனிக்கிழமை பழைய குற்றாலம். தம்பி நாலு மணிக்கே வந்துவிடுவானாம். அவனுக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டம்மா" என்றார்.